காலில் இருந்தது தலைக்கு வந்தால்: மூளைக்குப் பரவிய மெலனோமாவும் வீட்டில் இருப்பவர்களும்

“கால்ல இருந்த கட்டி தலைக்கு எப்பிடிப்பா போவும்?”

ஸ்கேன் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு பெரியம்மா என்னிடம் கேட்டார். அடுத்த ஒரு வருடத்தில் இதே கேள்வியை நர்ஸிடம், டாக்டரிடம், பக்கத்துப் படுக்கைக்காரரின் மகளிடம், ஒருமுறை ஆட்டோ ஓட்டுபவரிடம்கூடக் கேட்டிருக்கிறார். டாக்டர்கள் பதில் சொல்லாமல் இல்லை. ஓ.பி. வரிசையில் நூறு பேர் நிற்கும்போது இரண்டு வரியில் சொன்னார்கள். எங்களுக்கு அது போதவில்லை. நான் டாக்டர் இல்லை. பெரியப்பாவோடு பதினான்கு மாதம் அலைந்தவன்; அந்த அலைச்சலில் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டவன். ஆரம்பத்திலேயே யாராவது எங்களை உட்கார வைத்துப் பொறுமையாகச் சொல்லியிருந்தால் வீட்டில் சில சண்டைகள் நடந்திருக்காது, சில தவறுகளை நாங்கள் செய்திருக்க மாட்டோம். இப்போது அந்த நிலையில் இருக்கும் ஒரு குடும்பத்துக்கு எதிரில் உட்கார்ந்து சொல்வதாக நினைத்து இதை எழுதுகிறேன்.

பெரியப்பா சென்னை காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் விசைப்படகு எஞ்சின் மெக்கானிக். வீடு தண்டையார்பேட்டை. இடது குதிகாலில் கறுப்பாக ஒரு புள்ளி வந்தது. கால் ஆணி என்றுதான் எல்லோரும் சொன்னோம். மருந்துக்கடையில் பிளாஸ்டர் வாங்கி ஒட்டினார், பிளேடால் செதுக்கினார். ஒரு கிளினிக்கில் இரண்டு முறை வெட்டி எடுத்தார்கள். வெட்டியதைப் பரிசோதனைக்கு அனுப்பவில்லை. இப்படியே ஒன்றரை வருடம் போனது. தொடை இடுக்கில் நெறி கட்டி, அது நெல்லிக்காய் அளவுக்கு வந்து வற்றாமல் நின்ற பிறகுதான் பயாப்ஸி எடுத்தார்கள். ரிப்போர்ட்டில் மெலனோமா என்று இருந்தது. அந்த வார்த்தையை நாங்கள் அன்றுதான் முதல் முறை கேட்டோம்.

மெலனோமா என்றால் என்ன

நம் தோலுக்கு நிறம் தருவது மெலனின். அதைத் தயாரிக்கும் செல்களுக்கு மெலனோசைட் என்று பெயர். அந்தச் செல்கள் கட்டுப்பாடு இல்லாமல் பெருகினால் அது மெலனோமா. வெள்ளைத் தோல்காரர்கள் நடுவே இது நிறைய வருகிறது, அங்கே வெயில் ஒரு முக்கியக் காரணம். நம்மைப் போன்ற கறுத்த தோலுக்கு மெலனினே குடை மாதிரி இருப்பதால் இந்த நோய் நம்மிடம் அரிது. ஆனால் வந்தால் பெரும்பாலும் வெயில் படாத இடத்தில் வரும்: உள்ளங்கால், உள்ளங்கை, நகத்துக்கு அடியில், சிலருக்கு வாய், மூக்கு, மலவாய் ஆகியவற்றின் உள் சவ்வில். செருப்பில்லாமல் நடந்ததால் வந்ததா, டீசல் பட்டதால் வந்ததா என்று பெரியப்பா தன்னையே குறை சொல்லிக்கொண்டிருந்தார். இந்த வகைக்கு ‘இதனால்தான் வந்தது’ என்று ஒருவரிடம் விரல் நீட்டிச் சொல்லும்படி காரணம் எதுவும் இல்லை என்று டாக்டர் சொன்ன பிறகுதான் அந்தப் பேச்சை விட்டார்.

ஜமைக்கா பாடகர் பாப் மார்லிக்கு வந்ததும் இதே வகைதான். கால் பெருவிரல் நகத்துக்கு அடியில் இருந்ததைப் பந்து விளையாடியபோது பட்ட அடி என்றே முதலில் நினைத்தார்கள். 1977-இல் மெலனோமா என்று தெரிந்தது. நுரையீரலுக்கும் மூளைக்கும் பரவி, 1981 மே மாதம், 36 வயதில் இறந்துபோனார். உலகமே அறிந்த மனிதருக்கே அப்படி என்றால், தண்டையார்பேட்டையில் கால் ஆணி என்று நினைத்ததற்காக நாங்கள் எங்களை மன்னித்துக்கொள்ளலாம் என்று பிற்பாடு எனக்குத் தோன்றியது. ஒன்று மட்டும் சொல்கிறேன்: உள்ளங்காலில் கறுப்பு பரவிக்கொண்டே போனாலோ, புண் ஆறாமல் இருந்தாலோ, நகத்தில் ஒரு கறுப்புக் கோடு அகலமாகி ஓரத்துத் தோலுக்கும் இறங்கினாலோ, தோல் டாக்டரிடம் காட்டுங்கள். வெட்டி எடுத்தால் அந்தச் சதையைப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள்.

இனி பெரியம்மாவின் கேள்வி. கட்டி அப்படியே நகர்ந்து தலைக்கு ஏறுவதில்லை. அதிலிருந்து ஒன்றிரண்டு செல்கள் கழன்று நிணநீரிலும் ரத்தத்திலும் கலக்கின்றன. மூளை நம் உடல் எடையில் ஏறக்குறைய 2 சதவீதம்தான், ஆனால் இதயம் இறைக்கும் ரத்தத்தில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு அங்கே போகிறது. அந்த ரத்தத்தோடு போன செல், மூளையின் மெல்லிய ரத்தக் குழாயில் சிக்கி, அங்கேயே தங்கிப் பெருகத் தொடங்குகிறது. நுரையீரல், மார்பகம், மெலனோமா இந்த மூன்று புற்றுகளும் மூளைக்குப் பரவுவதில் முன்னால் நிற்பவை. தாயின் வயிற்றில் கரு உருவாகும்போது மெலனோசைட்டுகள் பிறக்கும் இடமும் நரம்பு மண்டலத்தின் சில பகுதிகள் பிறக்கும் இடமும் ஒன்றே. அந்தப் பழைய உறவும் மூளையில் இது எளிதாக ஒட்டிக்கொள்ள உதவலாம் என்று ஆராய்ச்சியாளர்கள் நினைக்கிறார்கள்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். மூளைக்குப் பரவிய மெலனோமாவும் மூளைப் புற்றும் வேறு வேறு. காசிமேட்டுப் படகு புயலில் அடித்துக்கொண்டு போய் ஆந்திராவில் கரை ஒதுங்கினாலும் அதன் மேல் எழுதியிருப்பது தமிழ்நாட்டுப் பதிவெண்தான். அதுபோல மூளையில் இருந்தாலும் அந்தச் செல் காலில் இருந்த மெலனோமா செல்தான். அதற்கான மருந்துதான் கொடுப்பார்கள். ‘பிரெயின் டியூமர்’ என்று சொந்தக்காரர்கள் யூடியூபில் தேடி அனுப்பும் வீடியோக்களில் பாதி இந்த நோய்க்குப் பொருந்தாது.

தலைக்குள் இடம் கிடையாது

பெரியப்பாவுக்கு முதலில் தடுமாறியது சொற்கள். ‘ஸ்பேனர எடு’ என்பதற்குப் பதிலாக ‘அந்த மீன எடு’ என்பார். சொன்னது தவறு என்று அவருக்கே தெரியும். சிரிப்பார், பிறகு எரிச்சல் வரும். அப்புறம் வலது கையில் பிடி தளர்ந்தது. பெரும்பாலானவர்களுக்குப் பேச்சு மூளையின் இடது பக்கத்தில் இருக்கிறது. இடது மூளைதான் வலது கை காலை ஆட்டுவிக்கிறது. பின்பக்கம் கட்டி வந்தால் பார்வை குறையலாம், சிறுமூளையில் வந்தால் நடை தள்ளாடலாம், நெற்றிப் பக்கம் வந்தால் குணமே மாறலாம். எது கெடுகிறது என்பதைக் கட்டி இருக்கும் இடம்தான் தீர்மானிக்கிறது. ஆகவே ஒரே நோய் உள்ள இரண்டு பேர் இரண்டு விதமாக இருப்பார்கள். பக்கத்துப் படுக்கைக்காரரோடு ஒப்பிட்டுப் பார்த்துப் பயந்துபோகாதீர்கள்.

மண்டை ஓடு விரியாது. உள்ளே ஒரு கடலை அளவுக் கட்டி இருந்தாலும், அதைச் சுற்றி நீர் கோத்து வீங்கும்போது மூளை நெருக்கப்படுகிறது. பல நேரம் ஆளைப் படுக்க வைப்பது கட்டியைவிட இந்த வீக்கம்தான். விடியற்காலையில் அதிகமாகும் தலைவலி, திடீர் வாந்தி, எந்நேரமும் தூக்கக் கலக்கம் எல்லாம் இந்த அழுத்தத்தின் அடையாளங்கள். மெலனோமா கட்டிகளுக்கு இன்னொரு கெட்ட பழக்கம் உண்டு: அவை உள்ளேயே ரத்தம் கசியும். நேற்று நன்றாக இருந்தவர் இன்று சட்டென்று மோசமானால் அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம், உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும்.

எங்கள் வீட்டில் நோயைக் காட்டிக்கொடுத்தது ஃபிட்ஸ். ஒரு ஞாயிறு மாலை டீ குடித்துக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்து வெட்டி இழுக்க ஆரம்பித்தார். சந்தே கூடிவிட்டது. ஒருவர் சாவிக்கொத்தைக் கையில் திணித்தார், ஒருவர் வாயில் ஸ்பூன் வைக்கப் பார்த்தார், ஒருவர் தண்ணீர் ஊற்றினார். எல்லாம் அன்பில் செய்தது. எதுவும் உதவாது, வாயில் எதையாவது வைப்பது ஆபத்தும்கூட. ஆளை ஒரு பக்கமாகச் சாய்த்துப் படுக்க வையுங்கள், எச்சில் வெளியே வடியட்டும். சுற்றியுள்ள பொருளை நகர்த்துங்கள், தலைக்கு அடியில் துண்டு வையுங்கள், கை காலை அழுத்திப் பிடிக்காதீர்கள். கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் போனாலும், ஒன்று முடிந்து நினைவு திரும்புவதற்குள் அடுத்தது வந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். முதல் முறை வருகிறது என்றால் நிமிடம் எண்ணாமலே கூப்பிடுங்கள். இதை நான் பிறகு எங்கள் சந்தில் எல்லா வீட்டுக்கும் சொல்லி வைத்தேன். அடுத்த முறை வந்தபோது சாவிக்கொத்து யாரும் எடுக்கவில்லை. ஃபிட்ஸ் வந்தவர் பைக் ஓட்டக் கூடாது, மாடிக் கைப்பிடிச் சுவரில் உட்காரக் கூடாது, பாத்ரூமில் உள்தாழ்ப்பாள் போடக் கூடாது. பெரியப்பாவுக்கு இதில் மூன்றாவதுதான் பெரிய அவமானமாக இருந்தது. தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டுக் கதவுக்கு வெளியே ஒரு திரை கட்டினோம், அதற்குப் பிறகு ஒத்துக்கொண்டார்.

டெக்ஸா என்னும் மாத்திரை

சிகிச்சையில் முதலில் வருவது பெரும்பாலும் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு. வார்டில் எல்லோரும் டெக்ஸா என்பார்கள். அது கட்டியை அழிப்பதில்லை. சுற்றியுள்ள வீக்கத்தை வற்ற வைக்கிறது. கொடுத்து ஒன்றிரண்டு நாளில் பெரியப்பா பழையபடி பேசினார், நடந்தார். நோயே போய்விட்டது என்று பெரியம்மா வேண்டுதலை நிறைவேற்றக் கிளம்பிவிட்டார்.

இந்த மாத்திரையைப் பற்றி நான் கொஞ்சம் நீளமாகச் சொல்லப் போகிறேன், ஏனென்றால் எங்கள் குடும்பத்தை அதிகம் ஆட்டி வைத்தது இதுதான். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்துகொள்வார். “இன்னா மாத்திரடா இது, வயிறு நெருப்பு மாரி எரியுது பசில” என்று பழைய சோற்றுப் பானையைத் திறப்பார். முகம் உப்பியது. சர்க்கரை இதற்கு முன் இல்லாதவருக்கு 340 வந்தது. பிறகு கோபம். வாழ்க்கையில் பெரியம்மாவை ஒருமையில்கூடத் திட்டாதவர், குழம்பில் உப்பில்லை என்று தட்டை விசிறினார். சித்தப்பா ஏதோ சமாதானம் சொல்லப் போக, ‘என் காசத் தின்னு வளந்தவன்’ என்று சொல்லிவிட்டார். சித்தப்பா பத்து நாள் வீட்டுப் பக்கம் வரவில்லை.

இதைத் தீர்த்து வைத்தது ஒரு நர்ஸ் அக்கா கேட்ட ஒரே கேள்வி: “மாத்திரை எத்தனை மணிக்குக் குடுக்கறீங்க?” காலை எட்டு, இரவு எட்டு என்றேன். இரவு போடும் ஸ்டீராய்டு தூக்கத்தைக் கெடுக்கும், இரண்டாவது வேளையை மதியத்துக்கு மாற்றலாமா என்று டாக்டரைக் கேட்கச் சொன்னார். மாற்றினார்கள். வாரக் கடைசிக்குள் தூக்கம் வந்தது, தூக்கம் வந்ததும் கோபம் பாதியானது. சித்தப்பாவிடம் போய் நான் விளக்கினேன்: அந்தப் பேச்சில் ஒரு பங்கு ஸ்டீராய்டு, ஒரு பங்கு நெற்றிப் பக்கம் இருக்கும் கட்டி, ஒரு பங்கு ஃபிட்ஸுக்குக் கொடுக்கும் லெவெடிராசிட்டம் மாத்திரை, அதுவும் சிலருக்கு எரிச்சலைக் கிளப்பும். அவர் நம்பினாரா தெரியாது, ஆனால் அன்று மாலையே வந்து அண்ணனுக்கு ஷேவ் செய்துவிட்டார்.

நாங்கள் செய்த பெரிய தவறும் இதில்தான். இவ்வளவு தொல்லை தரும் மாத்திரை எதற்கு, இப்போதுதான் நன்றாக இருக்கிறாரே என்று நாங்களாகவே நிறுத்தினோம். மூன்றாம் நாள் எழுந்திருக்க முடியாமல் துவண்டுவிட்டார். ஸ்டீராய்டைத் தொடர்ந்து சாப்பிடும்போது உடம்பு தானாகச் சுரக்கும் ஸ்டீராய்டைக் குறைத்துவிடும். திடீரென்று நிறுத்தினால் இரண்டுமே இல்லாமல் போய் ரத்த அழுத்தம் விழும், மூளை வீக்கமும் திரும்பும். டாக்டர் சொல்லும் கணக்கில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். சாப்பிட்ட பிறகு கொடுங்கள், வாயில் வெள்ளை படிந்தால் காட்டுங்கள், உட்கார்ந்த இடத்திலிருந்து எழத் தொடை வலுவில்லை என்றால் அதையும் சொல்லுங்கள்.

கரண்டும் ஊசியும்

கட்டியை நேரடியாகத் தாக்க மூன்று வழிகள். ஒரே பெரிய கட்டியாக, அழுத்திக்கொண்டோ ரத்தம் கசிந்துகொண்டோ இருந்தால் அறுவை சிகிச்சை. நம் சென்னை ஜி.எச்-இல் 1950-இலேயே டாக்டர் பி. ராமமூர்த்தி நரம்பு அறுவைப் பிரிவைத் தொடங்கியிருக்கிறார். தலையைத் திறப்பது என்றதும் வட சென்னையில் யாருக்கும் அந்தக் கட்டடம்தான் நினைவுக்கு வரும்.

அடுத்தது கதிர்வீச்சு. நம் பக்கம் ‘கரண்ட் வைக்கிறது’ என்பார்கள். அந்தப் பெயரே பயமுறுத்துகிறது. கரண்ட் ஷாக் எதுவும் அதில் இல்லை, வலியும் இல்லை. கட்டி ஒன்று, இரண்டு, நான்கு என்று எண்ணக்கூடிய அளவில் இருந்தால் ரேடியோசர்ஜரி செய்வார்கள். பல திசைகளிலிருந்து மெல்லிய கதிர்களை அனுப்பி, அவை எல்லாம் சந்திக்கும் புள்ளியில் கட்டி இருக்கும்படி வைப்பது. வழியில் இருக்கும் நல்ல மூளைக்குக் கொஞ்சமே படும், புள்ளியில் மொத்தமும் சேரும். லார்ஸ் லெக்செல் என்ற ஸ்வீடன் நாட்டு டாக்டர் 1951-இல் முன்வைத்த யோசனை இது. காமா நைஃப், சைபர் நைஃப் என்ற பெயர்களில் கத்தி இருந்தாலும் எதையும் வெட்டுவதில்லை. தலை அசையாமல் இருக்க முகத்துக்கு வலை போன்ற ஒரு முகமூடி செய்வார்கள், இறுக்கமாக இருக்கும். பெரியப்பாவுக்கு அதற்குள் மூச்சு முட்டுவதுபோல் இருந்தது. கையை உயர்த்தினால் உடனே நிறுத்துவோம் என்று டெக்னீஷியன் சொன்னதும் அமைதியானார்.

கட்டிகள் நிறைய இருந்தால் மூளை முழுவதற்கும் கதிர்வீச்சு, வழக்கமாக இரண்டு வாரத்தில் பத்து நாள் அளவில். முடி கொட்டும், சோர்வு வாரக்கணக்கில் இருக்கும், ஞாபகம் மங்கலாம். அதனால்தான் முடிந்தவரை புள்ளி வைத்துத் தாக்கும் முறையையே இப்போது முதலில் பார்க்கிறார்கள். வெளியிலிருந்து கொடுக்கும் கதிர்வீச்சு முடிந்த பிறகு அவர் உடம்பில் கதிர் எதுவும் தங்காது. பேரக் குழந்தை மடியில் உட்காரலாம். தட்டு, டம்ளரைத் தனியாக வைக்க வேண்டாம். புற்று ஒட்டிக்கொள்ளும் நோய் இல்லை. எங்கள் அத்தை வந்தபோது தனி டம்ளர் கேட்டார். பெரியப்பா அதைப் பார்த்துவிட்டார். அந்த முகத்தை என்னால் மறக்க முடியவில்லை.

கதிர்வீச்சு முடிந்து சில மாதம் கழித்து எடுக்கும் எம்.ஆர்.ஐ-யில் கட்டி பெரிதானதுபோல் தெரியலாம். செத்த செல்களும் வீக்கமும் அப்படிக் காட்டலாம்; உண்மையிலேயே வளர்ந்தும் இருக்கலாம். ஒரே ஸ்கேனில் டாக்டர்களாலும் சொல்ல முடியாமல், ‘ஆறு வாரம் கழித்து மறுபடி பார்ப்போம்’ என்பார்கள். எதையோ மறைக்கிறார்கள் என்று நாங்கள் நினைத்தோம். அவர்கள் மறைக்கவில்லை, காத்திருந்து பார்ப்பதுதான் வழி.

மூன்றாவது வழி மருந்து. ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே ஒரு காவல் சுவர் இருக்கிறது. பழைய கீமோ மருந்துகள் பலவற்றை அது உள்ளே விடாது. இந்த நோயின் கதையை மாற்றியது இம்யூனோதெரபி. நம் உடலின் எதிர்ப்புச் சக்திப் படையில் உள்ள டி செல்கள் புற்றைத் தாக்கக்கூடியவை, ஆனால் அவற்றில் ஒரு பிரேக் இருக்கிறது, மெலனோமா அந்தப் பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். இந்த ஊசி அந்தப் பிடியை விடுவிக்கிறது. முடுக்கிவிடப்பட்ட டி செல்களால் மூளைக்குள்ளும் போக முடியும். இந்தப் பிரேக்கை விடுவித்துப் புற்றைத் தாக்கலாம் என்று கண்டறிந்ததற்காக ஜேம்ஸ் ஆலிசனுக்கும் தசுகு ஹோஞ்சோவுக்கும் 2018-இல் நோபல் கிடைத்தது. அமெரிக்க முன்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டருக்கு 2015 ஆகஸ்டில் மூளையில் நான்கு மெலனோமா புள்ளிகள் இருந்தன, வயது 90. கதிர்வீச்சும் பெம்ப்ரோலிசுமாப் என்ற இம்யூனோதெரபி ஊசியும் கொடுத்தார்கள். டிசம்பரில் ஸ்கேனில் புற்று தெரியவில்லை. அவர் நூறு வயதைக் கடந்து 2024 டிசம்பரில்தான் இறந்தார்.

எல்லோருக்கும் அப்படி நடக்காது என்பதையும் அதே மூச்சில் சொல்ல வேண்டும். நிவோலுமாப், இபிலிமுமாப் என்ற இரண்டு இம்யூனோதெரபி ஊசிகளையும் சேர்த்துக் கொடுத்து, 2018-இல் வெளியான ஓர் ஆய்வில், மூளையில் பரவியும் அறிகுறி இல்லாமல் இருந்தவர்களில் 57 சதவீதம் பேருக்கு மூளைக் கட்டி சுருங்கியது அல்லது ஆறு மாதமாவது வளராமல் நின்றது. அறிகுறி வந்து, ஸ்டீராய்டு ஓடிக்கொண்டிருப்பவர்களுக்குப் பலன் அதைவிடக் குறைவு. ஸ்டீராய்டு எதிர்ப்புச் சக்தியை அடக்குகிறது என்பதால்தான் டாக்டர்கள் டெக்ஸாவைக் குறைக்க இவ்வளவு பாடுபடுகிறார்கள். உள்ளங்கால் வகை மெலனோமாவும் இந்த ஊசிக்கு மற்ற வகை அளவுக்கு இசைவதில்லை. பிராஃப் என்ற மரபணு மாற்றம் இருந்தால் மாத்திரைகள் உண்டு, வேகமாக வேலை செய்பவை. கால் வகையில் அந்த மாற்றம் குறைவு. இருந்தாலும் பயாப்ஸி சதையில் அதைச் சோதித்தார்களா என்று கேளுங்கள்.

இந்த ஊசியின் பக்க விளைவு கீமோவைப் போல் இருக்காது. பிரேக் விட்ட படை நம் உடம்பையே தாக்கலாம்: குடல், நுரையீரல், ஈரல், தைராய்டு, தோல். பெரியப்பாவுக்கு ஒரு நாளில் ஏழு தடவை வயிற்றுப்போக்கு. வெளியில் வாங்கிய பிரியாணிதான் காரணம் என்று நினைத்துக் கடையில் மாத்திரை வாங்கிக் கொடுத்தோம். இரண்டாம் நாள் தற்செயலாகப் போனில் சொன்னபோது டாக்டர் உடனே அட்மிட் செய்யச் சொன்னார். வயிற்றுப்போக்கு, மூச்சு வாங்குதல், கண் மஞ்சள், மீளாத களைப்பு, எதுவானாலும் அன்றே சொல்லுங்கள், ஊசி போட்டு மாதங்கள் ஆனாலும் சொல்லுங்கள். நாட்டு மருந்து, சூரணம் கொடுப்பதாக இருந்தால் அதையும் மறைக்காதீர்கள். ஈரல் கெட்டால் எதனால் என்று கண்டுபிடிக்க அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

பணம். ஊசிகளின் செலவு லட்சங்களில் ஓடும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், ஆண்டு வருமானம் 1.2 லட்சத்துக்குள் உள்ள குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை உண்டு. ஆனால் எந்தச் சிகிச்சை அதன் பட்டியலில் இருக்கிறது என்பதைக் காப்பீட்டு மேசையில் முதல் நாளே கேட்டுவிடுங்கள். மருந்து நிறுவனங்களின் உதவித் திட்டங்கள் பற்றி டாக்டரிடமே கேட்கலாம், கூச்சப்பட ஒன்றுமில்லை. நகையை அடகு வைப்பதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: இந்த ஊசி இவருக்கு எதைத் தரும் என்று நீங்கள் எதிர்பார்க்கிறீர்கள், எத்தனை டோஸ் கழித்து அது தெரியும்? நாங்கள் கேட்டோம். நான்கு டோஸ் என்று பதில் வந்தது. நான்கு டோஸுக்கு மட்டும் கடன் வாங்கினோம்.

நோட்டு

நாற்பது பக்க நோட்டு ஒன்றை வாங்கினேன். பக்கத்தில் மேலே தேதி. கீழே: எந்த மாத்திரை எத்தனை மணிக்கு, தலைவலி இருந்ததா, எப்போது தூங்கினார், எத்தனை தடவை வயிறு போனது, சர்க்கரை, புதிதாக ஏதாவது. ‘புதிதாக’ என்ற இடத்தில் பெரியம்மா சொல்லச் சொல்ல என் தங்கை எழுதுவாள்: ‘இன்று சட்டை பட்டனை மாற்றிப் போட்டார்’, ‘பேத்தி பேரை மறந்தார், பிறகு சொன்னார்’, ‘இடது பக்கமாகவே சாப்பிட்டார், தட்டின் வலது பக்கச் சோறு அப்படியே இருந்தது’. கடைசியாகச் சொன்னதைக் கேட்டதும் டாக்டர் நிமிர்ந்து, பார்வையைச் சோதித்துவிட்டு ஸ்கேன் எழுதினார். மாதம் ஒருமுறை ஐந்து நிமிடம் பார்ப்பவருக்குத் தெரியாதது, கூடவே இருப்பவருக்குத் தெரியும். அதைச் சொல்லும் நேரம் ஓ.பி.யில் குறைவு, அதனால் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். எழுதத் தொடங்கிய பிறகு இன்னொன்றும் நடந்தது. அவர் கத்தினால் ‘ஏன் இப்படிப் பண்றார்’ என்பதற்குப் பதில் ‘மணி எத்தனை, டெக்ஸா எப்போ போட்டோம்’ என்று பெரியம்மா கேட்க ஆரம்பித்தார்.

வேலையைப் பங்கு போடுவதில் நாங்கள் முதல் மூன்று மாதம் சரியாக இல்லை. எல்லாம் பெரியம்மா தலையில். தன்னுடைய பிரஷர் மாத்திரையை அவர் இருபது நாள் போடவில்லை என்று ஒரு நாள் அவர் மயங்கி விழுந்த பிறகுதான் தெரிந்தது. அப்புறம் அட்டவணை போட்டோம்: ஸ்கேன் நாள் அண்ணன், ஊசி நாள் நான், ராத்திரி வாரத்தில் இரண்டு நாள் சித்தப்பா. தண்டையார்பேட்டையிலிருந்து சென்ட்ரலுக்கு மெட்ரோவில் லிஃப்ட் இருந்தது பெரிய உதவி. 2021-இல் விம்கோ நகர் வரை அந்தப் பாதை வருவதற்கு முன் என்றால் ஒவ்வொரு தடவையும் ஆட்டோதான். மனசு தாங்கவில்லை என்றால் 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணுக்கு யார் வேண்டுமானாலும் கூப்பிட்டுப் பேசலாம், நோயாளி மட்டும் என்றில்லை. என் தங்கை பேசினாள்.

அவரிடம் சொல்லலாமா வேண்டாமா என்பதில் வீடு இரண்டானது. ‘சொன்னா உடைஞ்சிடுவாரு’ என்றார் அத்தை. நான் சொல்ல வேண்டும் என்ற பக்கம், இன்றும் அதே பக்கம்தான். பேச்சும் நினைவும் குறையப் போகும் நோய் இது. சொல்ல வேண்டியதைச் சொல்ல, கையெழுத்துப் போட, பேங்க் நாமினி மாற்ற அவருக்குக் காலம் இருக்கும்போதே தெரிய வேண்டும். ஒரே நாளில் எல்லாவற்றையும் கொட்ட வேண்டியதில்லை. ‘உங்களுக்கு எவ்வளவு தெரிஞ்சுக்கணும்?’ என்று டாக்டர் கேட்டார். “எல்லாம் தெரியும் சார், இதுங்கதான் தெரியாத மாரி நடிக்குதுங்க” என்றார் பெரியப்பா. அடுத்த வாரம் தன் டூல்ஸ் பெட்டியைத் திறந்து எது யாருக்கு என்று பிரித்து வைத்தார்.

கடைசி மாதங்கள்

நான்கு டோஸுக்குப் பிறகு ஏழு மாதம் நன்றாக இருந்தார். துறைமுகத்துக்குப் போய் உட்கார்ந்து பையன்களுக்கு எஞ்சின் சத்தத்தைக் கேட்டே கோளாறு சொன்னார். பிறகு மூளையில் புதிய கட்டிகள் வந்தன. பாலியேட்டிவ் கேர் என்று டாக்டர் சொன்னபோது ‘கைவிட்டுட்டாங்க’ என்று பெரியம்மா அழுதார். வலியையும் வாந்தியையும் மூச்சுத் திணறலையும் அடக்கி, ஆளை வசதியாக வைத்திருக்கும் வைத்தியம் அது. உண்மையில் முதல் நாளிலிருந்தே மற்ற சிகிச்சையோடு சேர்த்துக் கேட்கலாம். நாங்கள் தாமதித்துவிட்டோம். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இந்தப் பராமரிப்பும் பிசியோதெரபியும் வீட்டுக்கே வரும். பக்கத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள். மார்ஃபின் என்றதும் போதை என்று பயப்பட வேண்டாம், டாக்டர் சொன்ன அளவில் வலிக்குக் கொடுப்பதால் ஒருவர் அடிமையாவது அரிது. மலச்சிக்கல் பெரும்பாலும் வரும், அதற்கான மருந்தையும் கூடவே எழுதி வாங்குங்கள்.

கடைசியில் தூக்கம் கூடிக்கொண்டே போகும். விழுங்க முடியாதபோது வற்புறுத்தி ஊட்டினால் புரையேறி நுரையீரலுக்குப் போகும். உதட்டை ஈரத்துணியால் நனைத்தால் போதும். மாத்திரை இறங்காதபோது ஃபிட்ஸ் மருந்தை வேறு எந்த வழியில் கொடுப்பது என்பதை முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மூச்சு சில நொடி நின்று திரும்ப வரும், தொண்டையில் கரகரப்பு கேட்கும். கேட்கிற நமக்குத்தான் அது கஷ்டம், அவருக்கு வலி இல்லை என்று அந்த நர்ஸ் அக்கா போனில் சொன்னார். பேசுங்கள் என்றும் சொன்னார். பெரியம்மா அன்றைய ஏலத்தில் வஞ்சிரம் என்ன விலை போனது என்று அவர் காதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

வீட்டில் உயிர் பிரிந்தால், பார்த்து வந்த டாக்டரின் சான்று வேண்டும், மயானத்தில் கேட்பார்கள். டிஸ்சார்ஜ் சம்மரியும் ஆதாரும் ஒரே உறையில் இருக்கட்டும். இறப்பை 21 நாளுக்குள் மாநகராட்சியில் பதிய வேண்டும். மிச்சமிருந்த மார்ஃபின் மாத்திரைகளை எண்ணி, நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி, வாங்கிய இடத்திலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தோம்.